வெறும் வயிற்றோடு இரத்த தானமா?



மே மாதம் 5-ஆம் தேதி வணிகர் தினம். அன்று கடைகளை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறவர்கள் போவார்கள். ஊரில் இருப்பவர்கள் சங்கக் கொடியை ஏற்றி, இனிப்பு வழங்கி, கண் சிகிச்சை முகாம், இரத்த தான முகாம் என்று ஏதாவது ஒரு நற்காரியம் செய்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இந்த முறை முகாமுக்குப் பெயர் கொடுக்க வந்த ஓர் இளம் மளிகை வியாபாரி என்னிடம் கேட்டார்: "ஐயா, காலையில் வெறும் வயிற்றோடுதானே வரணும்? டீயாவது குடிக்கலாமா?"

கேட்டவர் படித்த பிள்ளை. அவர் மேல் குற்றமில்லை. சர்க்கரை பார்ப்பதற்கு இரத்தம் கொடுக்கப் போகும்போது சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள் அல்லவா? அதே விதிதான் இதற்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேறு சிலர், தானம் என்பது புண்ணிய காரியம், விரதம் இருந்து கொடுத்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. பரிசோதனைக்கு எடுப்பது சில மில்லி மட்டுமே. சாப்பாட்டின் சர்க்கரை கலக்காமல் கணக்குப் பார்ப்பதற்காகத்தான் அங்கே வெறும் வயிறு. தானத்துக்கு எடுப்பது 350 மில்லி. அதைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வயிற்றில் சாப்பாடு வேண்டும், உடம்பில் தண்ணீர் வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பையன் கீழே விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1994-இல் நடந்தது

அப்போது மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எனக்குப் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் சங்க வேலை என்றால் முதல் ஆளாக நிற்பேன். அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் ஒரு இரத்த தான முகாம் வைத்தார்கள். என் கடை சார்பில் பத்துப் பேர் என்று மேடையிலேயே சொல்லிவிட்டேன். முகாம் அன்று எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர்தான். சொன்ன சொல் தப்பக் கூடாதே என்ற வேகம் எனக்கு.

அன்று விடியற்காலை மூன்று மணிக்கு வடக்கே இருந்து பருப்பு லாரி வந்திருந்தது. கடைப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது இருக்கும், மூட்டை இறங்க இறங்கக் கூடவே நின்று எண்ணிக் குறித்து, தானும் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். பத்தரை மணிக்கு அவனைக் கூப்பிட்டு, "வாப்பா, ஒரு பத்து நிமிஷ வேலைதான்" என்று கையோடு அழைத்துப் போனேன். "சாப்பிட்டியா?" என்று நான் கேட்கவில்லை. இரத்தம் எடுக்கிற இடத்தில் கேட்டிருக்கிறார்கள். முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே என்று, "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டான். உண்மையில் விடியற்காலையிலிருந்து அவன் வயிற்றுக்குள் போனது இரண்டு டீ.

இரத்தம் கொடுத்து முடித்தான். பிஸ்கட் சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டாவது லாரி வந்துவிட்டது என்று நானே அவனை அவசரப்படுத்தினேன். வெயிலில் நடந்து கடை வாசலுக்கு வந்தான். படியில் கால் வைத்ததும் அப்படியே சரிந்தான். புருவத்தில் அடி. மூன்று தையல்.

அன்று மாலை அவன் தாயார் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "ரத்தம் கேட்டீங்க, சரி. ஒரு வாய் சோறு போட்டுட்டுக் கேட்டிருக்கக் கூடாதாய்யா?" என்றார். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுக்கும் மேலாக வியாபாரம் செய்கிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றது அன்று ஒருநாள்தான்.

அடுத்த ஆண்டு முகாமுக்கு என் கடையிலிருந்தும் பக்கத்துக் கடைகளிலிருந்தும் சேர்த்து வந்தது இரண்டு பேர். "ரத்தம் கொடுத்தா அந்தப் பையன் மாதிரி சுருண்டு விழணும்" என்று பேச்சு பரவியிருந்தது. பையன் விழுந்தது பட்டினியால், தூக்கமின்மையால், என் அவசரத்தால். பழி விழுந்ததோ இரத்த தானத்தின் மேல்.

ஓர் ஆளை இழந்தால் எவ்வளவு நஷ்டம்?

முன்பெல்லாம் காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பவர்கள் இருந்தார்கள். 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் அந்த முறை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. நோய் பரவாமல் இருக்க அது அவசியமான காரியம். அதன் பிறகு பிரசவத்துக்கும், விபத்துக்கும், அறுவை சிகிச்சைக்கும் நம்மைப் போன்றவர்கள் மனமுவந்து கொடுத்தால்தான் இருப்பு என்றாகிவிட்டது.

இரத்தம் கொடுக்கும் வயது 18 முதல் 65 வரை. முதல் முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஓர் இளைஞர் ஆண்டுக்கு இரண்டு முறை வீதம் முப்பது ஆண்டுகள் கொடுத்தால் அறுபது முறை. முதல் முறையே மயங்கி விழுந்து பயந்துபோனால் அந்த அறுபதும் போயிற்று. அவர் சொல்லைக் கேட்டு வராமல் போகிறவர்கள் கணக்கு தனி. ஒரு கிலோ பருப்பில் எடை குறைந்தது என்று ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால், நஷ்டம் அந்த ஒரு கிலோவோடு நிற்பதில்லை என்று நமக்குத் தெரியாதா?

உடம்பின் மூன்று கணக்குகள்

பையனுக்குத் தையல் போட்ட மருத்துவர் பொறுமையான மனிதர். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அதையும், பிறகு முகாம்களில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரிய ஆள் ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் 350 மில்லி என்பது நூற்றுக்கு ஏழு பங்கு. ஆரோக்கியமான உடம்பு இதைத் தாங்கும். ஆனால் எடுத்த இரத்தம் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. மூன்று வகையாக, மூன்று தவணையில் வருகிறது.

முதலாவது நீர்க் கணக்கு. இரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற திரவம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். இந்தக் குறை ஓரிரு நாளில் ஈடாகிவிடும், தண்ணீர் குடித்தால்.

இரண்டாவது சிவப்பணுக் கணக்கு. எலும்பு மஜ்ஜையில் புது அணுக்கள் உற்பத்தியாகி இது சரியாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும்.

மூன்றாவது இரும்புக் கணக்கு. சிவப்பணுவின் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினுக்கு மூலப்பொருள் இரும்புச்சத்து. இது ஈடாவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே, "நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று செய்தி இருக்கிறது. தண்ணீரை அன்றைக்கே குடிக்க வேண்டும். சாப்பாட்டை அன்று காலையில் நேரத்தோடு சாப்பிட வேண்டும். இரும்பை மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே சேர்க்க வேண்டும். முகாமுக்கு முதல் நாள் இரவு ஈரல் வறுவலும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறாது. அதேபோல மூன்று மாதம் சத்தாகச் சாப்பிட்டவரும், அன்று தண்ணீர் குடிக்காமல் வந்தால் மயங்கி விழலாம்.

ஏன் மயக்கம் வருகிறது?

இரத்தம் கொஞ்சம் குறைந்ததும் உடம்பு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைச் சற்று வேகமாக ஓட்டிச் சமாளித்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் சிலருக்குப் பயம், ஊசியைப் பார்த்த கலக்கம், வெயில், தூக்கமின்மை, உடம்பில் நீர் வற்றியிருப்பது எல்லாம் ஒன்றுசேர்ந்தால் நரம்புகள் எதிர்மாறாக வேலை செய்துவிடும். குழாய்கள் தளர்ந்து, இதயத் துடிப்பு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. ஆள் சரிகிறார். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆபத்து மயக்கத்தில் இல்லை. விழுகிற இடத்தில் இருக்கிறது. படிக்கல்லோ, எடைக்கல்லோ, ஓடுகிற வண்டியோ பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் முறை கொடுப்பவர்கள், வயதில் இளையவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். முகம் வெளுப்பது, வியர்ப்பது, கொட்டாவி, குமட்டல், கண் இருட்டுவது ஆகியவை முன்னறிவிப்பு. அப்படித் தோன்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று என்ன சாப்பிடுவது, எப்போது?

நம் தொழில் நேரத்துக்கு ஏற்ப எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு: வழக்கமான சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு தூங்குங்கள். மது அறவே கூடாது. மே மாதத்தில் கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில் முகாம் வைக்கிறோம். அந்த வெயிலில் நாள் முழுவதும் கடையில் நின்றவர் உடம்பில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஆகவே முதல் நாளே மோர், இளநீர், தண்ணீர் என்று தாராளமாகக் குடிக்க வேண்டும்.

அன்று காலை: இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு முழுச் சாப்பாடு. நாலைந்து இட்லி, சாம்பார். அல்லது பொங்கல், அதில் நெய் குறைவாக இருக்கட்டும். அல்லது கம்மங்கூழும் சுண்டலும். பழையது சாப்பிட்டுப் பழகியவர்கள் அதையே மோர் விட்டு உப்புப் போட்டுச் சாப்பிடலாம், மிக நல்லது. டீயும் பன்னும் சாப்பாடு ஆகாது.

தவிர்க்க வேண்டியது எண்ணெய்ப் பலகாரம். "நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள்" என்று சொன்னதும் பூரி, வடை, பரோட்டா, நெய் ரோஸ்ட் என்று ஒரு கை பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நாம் கொடுக்கும் இரத்தத்தை இரத்த வங்கியில் இயந்திரத்தில் சுழற்றி, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்கிறார்கள். ஒருவர் கொடுப்பது இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. பிளாஸ்மா இளமஞ்சளாகத் தெளிந்து இருக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு அது பால் கலந்தது போலக் கலங்கிவிடும். அப்படிக் கலங்கினால் நோய்க் கிருமிப் பரிசோதனைகள் சரியாகப் படாமல் போகலாம். பிளாஸ்மாவைக் கழித்துக் கொட்டவும் நேரலாம். நாம் கொடுத்த சரக்கு நம் வாய் ருசியால் கழிவாகப் போகலாமா?

அரை மணி நேரம் முன்பு: இதுதான் மிக முக்கியம். பெரிய டம்ளரில் இரண்டு டம்ளர், அதாவது அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். காலையில் குடித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரத்தம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரத்துக்குள் குடிக்கும் தண்ணீர் இரத்த அழுத்தம் சரியாமல் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். இதோடு கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் குடித்த நீர் உடம்பில் தங்கும். ஒரு பங்கை உப்புப் போட்ட மோராகக் குடித்தால் இரண்டும் முடிந்தது. இரத்தக் கொதிப்புக்காக மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் வெறும் தண்ணீரே குடிக்கலாம்.

படுத்திருக்கும்போது: காலைக் குறுக்காகப் பின்னிக்கொண்டு, தொடைத் தசையை ஐந்து நொடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். எழுந்திருக்கும் வரை இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கால் பக்கம் தேங்கும் இரத்தம் மேலே வரும். செலவில்லாத வைத்தியம்.

கொடுத்த பிறகு: கால் மணி நேரமாவது உட்கார்ந்து, கொடுப்பதைச் சாப்பிட்டு, குடித்துவிட்டு எழுந்திருங்கள். அன்று முழுவதும் வழக்கத்தைவிட நாலைந்து டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். நேரத்துக்கு மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் புகை கூடாது. அன்று மது கூடாது. மூட்டை தூக்குவது, கிட்டங்கியில் அடுக்கு மேல் ஏறுவது, ஏணியில் நின்று மேல்தட்டில் சரக்கு எடுப்பது எல்லாம் மறுநாளைக்கு இருக்கட்டும். சிலருக்கு மயக்கம் உடனே வராமல், வீட்டுக்கோ கடைக்கோ போன பிறகு வரும். என் கடைப் பையனுக்கு அப்படித்தான் வந்தது.

இரும்புக் கணக்கு

முகாமில் முதலில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். குறைந்தால் எடுக்க மாட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்து ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் நம் குடும்பப் பெண்களில் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. அரிசி, பருப்பு விற்கிற நம் வீடுகளும் இதற்கு விலக்கில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஹீமோகுளோபின் 14 உள்ளவர் 350 மில்லி கொடுத்தால் 49 கிராம் ஹீமோகுளோபின் வெளியே போகிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக, பற்று சுமார் 165 மில்லிகிராம். வரவு என்ன? சாப்பாட்டில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் குடல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் உள்ளே எடுக்கும். அன்றாடச் செலவு போக நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம் இருப்பில் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 165 மில்லிகிராம் ஈடாக மூன்று முதல் ஐந்தரை மாதம் ஆகிறது. 90 நாள், 120 நாள் என்று இடைவெளி வைத்திருப்பது ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொடுப்பவர்கள் சாப்பாட்டில் கவனமாக இல்லாவிட்டால் இருப்பு கரைந்துகொண்டே போகும்.

இதற்கு வேண்டிய சரக்கெல்லாம் நம் கடையிலேயே இருக்கிறது. கம்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, எள் இவற்றில் இரும்பு உண்டு. கேழ்வரகு நல்ல தானியந்தான். ஆனால் அதில் சிறப்பு சுண்ணாம்புச் சத்து. இரும்புக்குக் கம்பு மேல். காய்கறிக் கடையில் முருங்கைக்கீரை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல், இறைச்சி, மீன். இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும்.

சைவச் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்க ஒரு துணை வேண்டும். அது புளிப்பான பழங்களில் உள்ள வைட்டமின் சி. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கம்மங்கூழுக்கு நெல்லிக்காய் ஊறுகாயை விடப் பச்சை நெல்லிக்காயைத் தொட்டுக்கொள்வது, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுவது எல்லாம் இதற்காகத்தான். பயறுகளை முளைகட்டினால் இன்னும் நல்லது. பாட்டி காலத்து இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் குழம்பு வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் இரும்பு சேரும்.

இதற்கு நேர் எதிரி நம் கடை டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைக் குடலுக்குள் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காபியும் அப்படியே. கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தாமாக டானிக் வாங்கிக் குடிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

அன்று வர வேண்டாதவர்கள்

விரதம் இருப்பவர்: சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம், எதுவாக இருந்தாலும் உண்ணா நோன்பு இருக்கும் நாளில் வேண்டாம். பட்டினியாக இருப்பவரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது 2017-இல் வெளியான தேசிய வழிகாட்டுதலிலேயே உள்ளது. விரதம் முடிந்த பிறகு ஒருநாள் தெம்பாகச் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுங்கள். புண்ணியம் குறையாது.

இரவெல்லாம் விழித்தவர்: லாரி இறக்கியவர்கள், விடியற்காலைச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் தூங்காமல் வர வேண்டாம். இதுவும் அந்த வழிகாட்டுதலில் உண்டு.

நெடுந்தூர ஓட்டுநர்: அடுத்த 24 மணி நேரத்துக்குள் வண்டி எடுக்க வேண்டியவர் கொடுக்கக் கூடாது. சரக்கு இறக்க வந்த லாரி ஓட்டுநரை எண்ணிக்கைக்காக முகாமுக்குக் கூட்டி வருவது பெரும் பிழை.

சர்க்கரை உள்ளவர்: உணவிலோ மாத்திரையிலோ கட்டுக்குள் இருந்தால் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். இன்சுலின் போடுபவரிடம் எடுப்பதில்லை. எதையும் மறைக்க வேண்டாம். இரத்தம் கொடுப்பதற்காக மாத்திரையையோ சாப்பாட்டையோ தள்ளிப் போடவும் வேண்டாம்.

எடை 45 கிலோவுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இவர்களும் கொடுக்க வேண்டாம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு

பிஸ்கட்டும் பழச்சாறும் எல்லா முகாமிலும் கொடுக்கிறோம். ஆனால் எல்லாம் கொடுத்த பிறகுதான். தண்ணீர்ப் பானையை முன்னால் கொண்டு வாருங்கள். பெயர் பதிகிற மேசைக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் உப்பு மோரும் இருக்கட்டும். பெயர், வயது கேட்பதற்கு முன் "சாப்பிட்டாச்சா? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். சாப்பிடாதவருக்கு நாலு இட்லி கொடுத்து உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். காற்றோட்டமான இடம் பாருங்கள்.

முக்கியமாக, கடை முதலாளி தன் ஆட்களைத் தானே கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டாம். முதலாளி முன்னால் எந்தப் பையனும் "சாப்பிடவில்லை", "பயமாக இருக்கிறது", "விருப்பமில்லை" என்று சொல்ல மாட்டான். மனமில்லாமல் கொடுப்பது தானமும் ஆகாது. பத்துப் பேர் என்று மேடையில் சொல்லி ஆறு பேர் வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கடைசியாக

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அவனே வந்து, "முதலாளி, இந்த வருஷம் நான் குடுக்கிறேன். சாப்பிட்டுட்டு வாரேன்" என்றான். அன்று காலை அவன் சாப்பிட்ட இலைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரும் நானே ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். இன்று அவனுக்குச் சொந்தமாக மளிகைக் கடை இருக்கிறது. புருவத்தில் அந்தத் தழும்பும் இருக்கிறது. அவன் கடையில் வேலை பார்க்கும் இளைஞர்களும் இப்போது கொடுக்கிறார்கள்.

எனக்கு 67 வயதாகிவிட்டது. இனி என்னிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆகவே முகாம் நடக்கும்போதெல்லாம் மோர்ப் பானை பக்கத்தில் நான் நிற்கிறேன். வருகிறவர்களைச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுதான் என் வேலை. அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்து வாருங்கள். கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போங்கள். அடுத்த முறையும் வாருங்கள்.